சிற்றெஞ்சினைக் கிளப்புதல்: ஓர் உரைநடைப் பிரச்சினை

நெவில் ஷூட்டின் 'டிரஸ்டி ஃப்ரம் த டூல்ரூம்' அவர் மறைந்த 1960ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல். அதன் நாயகன் கீத் ஸ்டூவர்ட் லண்டனின் புறநகர் ஒன்றில், வீட்டின் நிலவறையில் பட்டறை வைத்துக்கொண்டு சின்னஞ்சிறு இயந்திரங்களைச் செய்பவன். அவற்றை எப்படிச் செய்வது என்று ஒரு பொழுதுபோக்கு இதழில் எழுதி, அந்தச் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளுபவன். கையில் காசில்லாமல் பாதி உலகைக் கடந்து போகவேண்டிய நெருக்கடி வரும்போது அவனைக் கைதூக்கி விடுகிறவர்களில் பலர் அவனை அதற்குமுன் பார்த்தேயிராதவர்கள். அவன் எழுதியதைப் படித்தவர்கள், அதை நம்பித் தங்கள் கையால் எதையோ செய்து பார்த்தவர்கள். ஷூட் விமானப் பொறியாளராக இருந்தவர், ஆர்100 ஆகாயக் கப்பலின் வடிவமைப்புப் பணியில் பங்கேற்றவர். எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் இடையே இப்படியும் ஓர் உறவு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் இலக்கியச் சூழலில் இந்த உறவுக்கு மதிப்பில்லை. கைவேலையைக் கற்பிக்கும் உரைநடையை 'கையேடு' என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடுவோம். யாரோ எழுத, யாரோ படிக்காமல் அட்டைப்பெட்டியோடு தூக்கியெறிவது என்பதே அதைப் பற்றிய நம் எண்ணம். ஒரு வாக்கியம் வாசகனின் கைவிரலைச் சரியான நேரத்தில் சரியான இடத்திலிருந்து விலக்கிவிடுமானால் அது மோசமான வாக்கியமாக இருக்க முடியாது என்பது என் கட்சி. விரல் என்று நான் உருவகமாகச் சொல்லவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் மாடல் விமான எஞ்சினைக் கிளப்புகிறவர்கள் நிஜமாகவே விரலைப் பணயம் வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள்.

இந்த எஞ்சின்கள் எப்படிப்பட்டவை என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். நிக்கோலஸ் ஓட்டோ தன் நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டியது 1876இல். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1976இல், ஜப்பானின் ஒசாகா நகரத்து ஓ.எஸ். நிறுவனம் எஃப்.எஸ்-60 என்ற 10 சி.சி. எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவில், வால்வும் கேம்ஷாஃப்டும் புஷ்ராடும் ராக்கர் ஆர்மும் கொண்ட முழு எஞ்சின். அதுவரை மாடல் விமானக்காரர்கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்கைத்தான் நம்பியிருந்தார்கள். அதில் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளே போதும். எடை குறைவு, சக்தி அதிகம், விலை மலிவு. பிறகு ஏன் இத்தனை சிக்கலான ஒன்றை வாங்க வேண்டும்?

சத்தத்துக்காக என்று கேலியாகச் சொல்வதுண்டு. கேலியில் பாதி உண்மை இருக்கிறது. ஆர்.எக்ஸ். 100 போவதற்கும் புல்லட் போவதற்கும் காதில் உள்ள வித்தியாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெடிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும் டூ ஸ்ட்ரோக்கின் அடிப்படைச் சுருதி நொடிக்கு ஏறத்தாழ 167 அதிர்வு. அதே வேகத்தில் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 83. அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. கொசு காதோரம் பாடுவது போலல்லாமல், எங்கோ தொலைவில் உண்மை விமானம் ஒன்று போவதுபோல் கேட்பது இதனால்தான். இந்தச் சத்தத்துக்கு வெறும் அழகியல் மதிப்பு மட்டுமல்ல, பறக்கும் மைதானத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் பொறுமை சார்ந்த நடைமுறை மதிப்பும் உண்டு. பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும் இழுவிசை அதன் இன்னொரு குணம்; பழைய விமானங்களின் மாதிரிகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்றைக்கு இந்தக் களத்தைப் பெருமளவு மின்மோட்டார் பிடித்துக்கொண்டுவிட்டது. லித்தியம் பாலிமர் பேட்டரியைச் செருகி, விசையைத் தள்ளினால் சுற்றுகிறது. போட்டிக்காரர்கள் அதற்குப் போனதில் எனக்கு எந்த வருத்தமுமில்லை. சுத்தமானது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இயங்குவது. ஏக்கப் பாட்டுப் பாட இங்கே இடமில்லை. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் விற்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் எங்கும் போய்விடவில்லை. மேசை இழுப்பறைகளிலும் பரணிலும் கிடக்கின்றன. வாங்கியவர்கள் வயதாகி ஓய்ந்துவிட, அவை மகனிடமோ பேத்தியிடமோ பழைய பொருள் வாங்குகிறவரிடமோ வந்து சேர்கின்றன. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கையேடு தொலைந்துபோயிருக்கும், இருந்தாலும் அது 'செய்' என்று சொல்லுமே தவிர 'ஏன்' என்று சொல்லாது. காரணம் தெரியாமல் கட்டளையை மட்டும் பின்பற்றுகிறவன் இந்த எஞ்சினை முதல் நாளிலேயே முறித்துவிட முடியும்.

ஓர் உதாரணம். பலரும் வைத்திருந்த எஃப்.எஸ்-70 சர்பாஸ் என்ற 11.5 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். வால்வு இடைவெளியை 0.04 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் வை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் இருக்கும்போது வை என்பது விதி. ஒரே வரிதான். மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம் சொன்னால் 'டேப்பட் செட்டிங்தானே' என்று சிரித்துவிட்டுச் செய்துவிடுவார். புதியவர் தடுமாறும் இடம் 'அழுத்த வீச்சின் உச்சி' என்பது. இரண்டு சுற்றில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை கலவையை அழுத்திக்கொண்டு. அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். இன்னொரு முறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு. அப்போது புகை வால்வு மூடிக்கொண்டும் உள்வாங்கும் வால்வு திறக்கத் தொடங்கியும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. இரண்டாவது உச்சியில் ஃபீலர் கேஜைச் செருகினால், கேம் தள்ளிக்கொண்டிருக்கும் ராக்கரை அளக்கிறீர்கள். எப்படித் திருகினாலும் தவறாகத்தான் முடியும்.

எனவே அந்த ஒற்றை வரியை இப்படி எழுதியிருக்க வேண்டும்: ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டு, பிளக்கை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, புரொப்பெல்லரை விரலால் மெல்ல, முன்னால் நின்று பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் இலகுவாகப் போகும், அடுத்த சுற்றில் விரலை எதிர்த்து முட்டும். முட்டும் அந்த மேட்டின் உச்சியில் நிறுத்தி இரண்டு ராக்கரையும் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் மயிரிழை அளவு ஆட்டம் இருந்தால் சரியான இடம். மயிரிழை என்று இங்கே சொல்வது ஏறக்குறைய அளவுக்கணக்கே: தலைமுடியின் தடிமன் இந்த 0.04க்கும் 0.10க்கும் இடையில்தான் பெரும்பாலும் வரும். மெல்லிய தகடு நுழைய வேண்டும், தடித்தது நுழையக் கூடாது.

குளிர்ந்திருக்கும்போது ஏன்? சிலிண்டரும் அதன் தலையும் அலுமினியம், புஷ்ராடு எஃகு. சூடேறும்போது அலுமினியம் அதிகமாக விரிவதால் சிலிண்டர் உயர்ந்து, இடைவெளி கூடுகிறது. சூட்டில் அளந்து சரிசெய்துவிட்டு மறுநாள் காலை வந்து பார்த்தால் இடைவெளியே இருக்காது. வால்வு முழுக்க மூடாது. அழுத்தம் ஒழுகிப்போய் எஞ்சின் கிளம்ப மறுக்கும். இடைவெளி கூடிப்போனால் சேதம் குறைவு. வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், சக்தி குறையும், டக்டக்கென்று தட்டும். இறுக்கமாக வைப்பதைவிடச் சற்றுத் தளர்வாக வைப்பதே நல்லது என்ற பழக்கம் இதிலிருந்துதான் வந்தது. காரணம் தெரிந்தவனுக்கு எண் மறந்துபோனாலும் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பது மறக்காது.

இனி எரிபொருள். பெட்ரோல் அல்ல. மெத்தனால், அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி எண்ணெய், ஐந்து முதல் பதினைந்து விழுக்காடு நைட்ரோமீத்தேன். எண்ணெயில் ஒரு பகுதி நம் விளக்கெண்ணெய்தான். இந்த எஞ்சின்களின் புகையில் வரும் அந்த இனிப்பான கருகல் வாசனை அதனுடையது. மெத்தனாலைப் பற்றித் தமிழ் வாசகருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது அதுதான். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வெயிலில் எரியும்போது அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. எரிபொருள் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்க்கும் கெட்ட பழக்கத்தை மைதானங்களில் கண்டிருக்கிறேன். அதைச் செய்கிறவரிடம் மரியாதையைப் பார்க்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இதில் தீப்பொறி பிளக்கும் கிடையாது. 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த க்ளோ பிளக் என்ற சிறு பொருளே இந்தப் பொழுதுபோக்கைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி. முதலில் ஒன்றரை வோல்ட் மின்சாரம் கொடுத்து அதைச் செந்தணலாக்குகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்சாரத்தை எடுத்துவிடலாம். ஒவ்வொரு வெடிப்பின் வெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நிகழும் வினையும் சேர்ந்து கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வெடிப்பு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று என்பதால் கம்பிக்கு ஆறிப்போக அவகாசம் அதிகம். ஆகவே வெப்பத்தை நன்றாகப் பிடித்துவைக்கும் பிளக் வேண்டும், ஓ.எஸ். அதற்கென்றே எஃப் வகை பிளக்கைச் செய்தது. இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒரு பிளக்கைப் போட்டுவிட்டு, மின்சாரத்தை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடுகிறது என்று கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது நோயாளியின் காலைப் பிடித்துத் தலைவலிக்கு வைத்தியம் பார்ப்பது.

கிளப்புவதற்கு வருவோம். டாங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் ஊசித் திருகுக்குச் சற்றே கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் நிற்கும்போதே எரிபொருள் வழிந்து எஞ்சினுக்குள் இறங்கும். ஊசியைக் கையேடு சொல்லும் அளவுக்குத் திறக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டரை, மூன்று சுற்று. பிளக்கில் மின்சாரம் இல்லாத நிலையில் கார்புரேட்டரின் வாயை விரலால் மூடிக்கொண்டு புரொப்பெல்லரை இரண்டு மூன்று முறை சுற்றினால் எரிபொருள் உறிஞ்சப்பட்டு வரும்.

இங்கேதான் முறிகிறது. அளவுக்கு மீறி எரிபொருள் உள்ளே போனால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே திரவம் தங்கிவிடும். காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. கையால் சுற்றுகிறவருக்கு இது உடனே தெரிந்துவிடும். வழக்கமான மேடு ஸ்பிரிங்கைப் போல வளைந்து கொடுக்கும், இதுவோ சுவரில் முட்டியதுபோல் நிற்கும். மின்ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து கூம்பில் அழுத்துகிறவருக்கு எதுவும் தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வலு இருக்கிறது, அது சுற்றிவிடும். வளைவது கனெக்டிங் ராடு. பல மைதானங்களில் ஸ்டார்ட்டரே இயல்பான வழியாகிவிட்டது, பெரிய எஞ்சின்களுக்கு அது பாதுகாப்பானதும்கூட. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மின்சாரம் கொடுக்காமல், கையால், முழுமையாக இரண்டு சுற்று சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது. ஒரு சுற்று போதாது. அழுத்தம் அடுத்த சுற்றில் ஒளிந்திருக்கலாம். சுவர்போல் முட்டினால் பிளக்கைக் கழற்றிவிட்டு, தலையைக் கவிழ்த்துச் சுற்றி, எரிபொருளை வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பல ஆயிரம் ரூபாய் எஞ்சினுக்கும் பழைய இரும்புக்கும் இடையே உள்ள தூரம் இந்த இரண்டு சுற்றுதான்.

கையால் கிளப்புவதென்றால் வெறும் விரலால் அல்ல. ரப்பர் உறை போட்ட தடித்த குச்சி ஒன்றை எல்லோரும் வைத்திருப்பார்கள். கோழைக்குச்சி என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர் அதற்கு. எந்த மகானுபாவர் வைத்த பெயரோ, எத்தனையோ இளைஞர்களை வெறுங்கையால் சுண்ட வைத்திருக்கும். பன்னிரண்டு அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 570 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. சுற்றும்போது அது கண்ணுக்கும் தெரியாது, லேசான ஒரு வட்டப் புகைபோலத் தோன்றும். விமானத்தை யாராவது பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். திராட்டிலைக் குறைந்த வேகத்துக்குச் சற்று மேலே மட்டும் திறந்து, பிளக்குக்கு மின்சாரம் கொடுத்து, குச்சியால் மெல்ல மேட்டின்மேல் ஏற்றினால் உள்ளே ஒரு தட்டல் உணர்வீர்கள். எஞ்சின் தயார் என்பதன் அறிகுறி அது. அப்போது ஒரு சுண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்குப் பிடித்தமான இன்னொரு முறையும் உண்டு: எதிர்த்திசையில் அழுத்தத்தின்மேல் வெடுக்கென்று சுண்டினால், முட்டித் திரும்பிச் சரியான திசையிலேயே ஓடத் தொடங்கிவிடும். முதன்முறை பார்ப்பவருக்குக் கண்கட்டு வித்தையாகத் தெரியும்.

ஓடத் தொடங்கியதும் முன்னால் நின்று ரசிக்காதீர்கள். சுற்றி வந்து பின்னால் நின்றுகொண்டுதான் ஊசியைத் தொட வேண்டும். புது எஞ்சினை எரிபொருள் மிகுந்த கலவையில், வெள்ளைப் புகை கக்க, குறைந்த வேகத்தில் பத்து இருபது நிமிடமாவது ஓட்டி, ஆறவிட்டு, வால்வு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். அதன்பின் முழுத் திராட்டிலில் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால், குழறலாக இருந்த சத்தம் தெளிந்து, ஏறி, ஓரிடத்தில் உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்தில் விட்டுவிடுவதுதான் புதியவர்களின் ஆசை. விடக்கூடாது. 200, 300 சுற்று இறங்கும்வரை ஊசியை மறுபடி திறக்க வேண்டும். வானில் மூக்கைத் தூக்கி ஏறும்போது எரிபொருள் வரத்து குறையும். அதற்கான சேமிப்பு இது. சரிபார்க்க ஓர் எளிய வழி: எரிபொருள் குழாயைக் கணநேரம் கிள்ளி விடுங்கள். சத்தம் லேசாக ஏறிப் பிறகு இறங்கினால் சரி. ஏறாமலே இறங்கினால் ஏற்கெனவே வறண்டிருக்கிறது.

வறண்ட கலவையின் தண்டனை ஃபோர் ஸ்ட்ரோக்கில் கொடியது. கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து, எஞ்சின் திடீரெனப் பின்னோக்கி உதைக்கும். சுழன்றுகொண்டிருக்கும் புரொப்பெல்லர் அதே வேகத்தில் தொடர, நட்டு கழன்று, புரொப்பெல்லர் முன்னோக்கிப் பறந்துவிடும். இந்த எஞ்சின்களின் தண்டில் இரண்டு நட்டு இருப்பதற்குக் காரணம் இதுதான். பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் இரண்டாவது நட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். 'இது எதற்கு உபரியாக' என்று கழற்றிப்போட்டவர்கள் நிறைய.

இத்தனையையும் ஐந்தாறு வரிப் பட்டியலாக எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களில் விட்டுப்போவது கைக்கும் காதுக்கும் தெரியும் வேறுபாடுகள்: ஸ்பிரிங் போன்ற எதிர்ப்பு, சுவர் போன்ற எதிர்ப்பு, குழறும் சத்தம், தெளிந்த சத்தம். இவற்றுக்குச் சொல் தேடுவது கவிஞனின் வேலையைவிடக் குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. தமிழில் இதற்கான சொற்கள் இல்லை என்பார்கள். இருக்கின்றன, பட்டறைகளில் இருக்கின்றன. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது', 'இழுவை இல்ல', 'ஜாம் ஆயிடுச்சு' என்று சொல்லும்போது துல்லியமாகத்தான் பேசுகிறார்கள். கலைச்சொல் அகராதிகள் அந்த வாசல்வரை போகாமல் மேசையிலேயே உட்கார்ந்து 'கிளர் ஊது செருகி' என்கிற பாணியில் எதையாவது உருட்டி வைக்கின்றன. பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' (1974) நம்மிடையே விரும்பிப் பேசப்படும் நூல். பேசுகிறவர்கள் ஜென்னைத்தான் பேசுகிறார்கள். பராமரிப்பைப் பற்றி ஒரு கூட்டத்திலும் ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பரணிலிருந்து எஞ்சினை எடுத்தவர்களுக்கு, இன்னும் இரண்டு விஷயம். விளக்கெண்ணெய் பல வருடம் உறைந்து அரக்காகியிருந்தால் எஞ்சின் அசையாது. புரொப்பெல்லரைப் பிடித்து முறுக்காதீர்கள். ஹேர் டிரையரால் நன்கு சூடேற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி சூடேற்றினால் தானாகவே இளகும். அவசரப்பட்டுப் பற்றுக்குறட்டால் தண்டைப் பிடித்தவர்களின் எஞ்சின்களைப் பார்த்தால் அழுகை வரும்.

மற்றது, ஓட்டி முடித்தபின் செய்யவேண்டியது. இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கசிந்து வருவதே கீழேயுள்ள பேரிங்கையும் கேமையும் நனைக்கிறது. அந்தக் கசிவில் எண்ணெயோடு எரிந்த புகையின் அமிலமும் நீரும், ஈரத்தை உறிஞ்சும் மெத்தனாலும் சேர்ந்தே வருகின்றன. அப்படியே வைத்துவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும். ஆகவே நாளின் கடைசி ஓட்டத்தில் எரிபொருளை நிறுத்தி, உள்ளே மிச்சமில்லாமல் ஓடி அடங்க விடுங்கள். பிளக் துளையிலும், பின்பக்கமுள்ள மூச்சுக்குழாயிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, பிளக்கை மறுபடி பூட்டி, கையால் சில முறை சுற்றுங்கள். பிறகு அந்த மேட்டின் உச்சியைத் தேடி, அங்கேயே நிறுத்தி வையுங்கள். இரண்டு வால்வும் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே போகாது, வால்வு ஸ்பிரிங்குகளும் தளர்ந்து ஓய்வில் இருக்கும்.